மணமுறிவுக்குப் பின்னும் வாப்பா வாப்பாதான்!

 



திசையன்விளையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னரும் பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் ஓர் இளைஞர் தனியே அமர்ந்திருந்தார். வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர்; நாற்பது நாள் விடுப்பில் ஊர் வந்திருந்தார். அருகில் அமர்ந்து விசாரித்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்களுக்குள்ள தலாக் ஆயிட்டு. மகள் அவ உம்மாகிட்டதான் இருக்கா. இன்னைக்குக் காலையில பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னேன். பிள்ளை என்னைப் பார்த்துட்டு, கூட வந்த பிள்ளைகிட்ட 'யாரோ நிக்காங்க, வா போயிருவோம்'னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் யாரோவா ஹஜ்ரத்?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவே இக்கட்டுரை. மணவாழ்வு முறிந்தால் கணவன், மனைவி என்னும் உறவு முடிகிறது. ஆனால், வாப்பா என்னும் உறவும் அத்துடன் முடிந்துவிடுகிறதா? முடிந்துவிட்டது போல நடந்துகொள்ளும் தந்தையரும் நம்மிடையே உண்டு. முடித்துவிட வேண்டும் என்று முனையும் குடும்பத்தாரும் உண்டு. இருவருமே தவறிழைக்கின்றனர். இருவருடைய தவற்றுக்கும் தண்டனை அனுபவிப்பது, எந்தத் தவறும் செய்யாத பிள்ளை.

தலாக் எதை முறிக்கிறது?

நிகாஹ் என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்பதால், வேறு வழியே இல்லாத நிலையில் அதை முறித்துக்கொள்ள மார்க்கம் இடமளித்துள்ளது. கணவன் தலாக் சொல்லலாம். மனைவி குல்உ கேட்கலாம். ஆனால், தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள 'நஸப்' என்னும் வம்ச உறவு ஒப்பந்தத்தால் வந்ததன்று. அது படைத்தவன் அமைத்த உறவு. மனிதர் கட்டாத முடிச்சை மனிதர் அவிழ்க்க முடியாது. பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழையுங்கள் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். தாயும் தந்தையும் சேர்ந்து வாழ்ந்தால்தான் இக்கட்டளை என்று எவரும் கூறியதில்லை.

பிரிவுக்குப் பின் பிள்ளை தொடர்பான உரிமைகளை ஃபிக்ஹு நூல்கள் மூன்றாகப் பிரித்துப் பேசுகின்றன. ஒன்று 'ஹளானத்', அதாவது பிள்ளையை உடன் வைத்து ஊட்டி வளர்க்கும் பொறுப்பு. இரண்டு 'விலாயத்', அதாவது பிள்ளையின் கல்வி, சொத்து, திருமணம் போன்றவற்றில் பொறுப்பாளராய் இருத்தல். மூன்று 'நஃபகா', அதாவது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கான செலவு. பிள்ளை சிறியதாக இருக்கும்போது முதலாவது பொதுவாகத் தாயிடம் இருக்கும். அதனால் மற்ற இரண்டும் தந்தையை விட்டு நீங்கிவிடுவதில்லை.

இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம் ஊர்களில் வழக்குகள் வளர்கின்றன. "பிள்ளை அவளிடம் இருக்கிறது, அவளே செலவு செய்துகொள்ளட்டும்" என்கிறார் தந்தை. "பிள்ளை எங்களிடம் இருக்கிறது, அவருக்கு இனி இதில் என்ன வேலை?" என்கின்றனர் தாய் வீட்டார். இரண்டும் மார்க்கச் சட்டம் அறியாத பேச்சு.

பால்குடி மறக்கடிக்கவும் இருவர் ஆலோசனை

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை நாம் பெரும்பாலும் பாலூட்டும் காலத்தைக் கூறும் வசனமாகவே அறிந்து வைத்திருக்கிறோம். அது அமைந்துள்ள இடத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள வசனங்கள் தலாக்கைப் பற்றியும் இத்தாவைப் பற்றியும் பேசுகின்றன. பிரிந்துபோன பெற்றோரைப் பற்றிய பேச்சின் நடுவில்தான் அந்தக் குழந்தையின் பசி நினைவூட்டப்படுகிறது.

அவ்வசனத்தின் கருத்தைச் சுருக்கமாகக் காண்போம். தாய் ஈராண்டுகள் முழுமையாகப் பாலூட்டலாம். அவளுடைய உணவும் உடையும் முறைப்படி தந்தையின் பொறுப்பு. பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் தீங்கிழைக்கக் கூடாது. தந்தைக்கும் தீங்கிழைக்கக் கூடாது. ஈராண்டுகளுக்கு முன்பே பாலை நிறுத்த விரும்பினால், இருவரும் கலந்தாலோசித்து, இருவரும் மனமொப்பிச் செய்யட்டும்.

சற்றே சிந்தியுங்கள்! ஒரே கூரையின் கீழ் வாழாத இருவர். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாத இருவர். அப்படிப்பட்ட இருவரையும் நோக்கி, குழந்தையின் பாலை நிறுத்துவதற்குக்கூட நீங்கள் கலந்து பேசுங்கள் என்கிறது இறைமறை. பாலுக்கே இப்படியென்றால், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது, எந்த மருத்துவரிடம் காட்டுவது, கத்னா எப்போது, ஓதவைப்பது எங்கே, திருமணம் யாருடன் என்பவற்றுக்கெல்லாம் ஆலோசனை எவ்வளவு அவசியம்! அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனமும் இதே கருத்தை வலியுறுத்துகிறது. பிரிந்த மனைவி உங்கள் பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்குரிய கூலியைக் கொடுங்கள். உங்களுக்குள் நல்ல முறையில் கலந்து பேசிக்கொள்ளுங்கள் என்கிறது.

பிள்ளையைக் காரணமாக்கித் தீங்கிழைத்தல் என்பதற்கு இன்று நாம் காணும் உதாரணங்கள் பல. மாதச் செலவை நிறுத்தித் தாயை மண்டியிட வைப்பது, தந்தை செய்யும் தீங்கு. பெருநாளன்றுகூடப் பிள்ளையைக் காட்டாமல் கதவை அடைத்துக்கொள்வது, தாய் வீட்டார் செய்யும் தீங்கு. இவ்விரண்டையும் சேர்த்தே அவ்வசனம் தடுக்கிறது.

உமர் (ரலி) அவர்களும் ஆஸிம் என்னும் சிறுவரும்

இந்த விஷயத்தில் நம் முன்னோரின் வாழ்விலேயே ஒரு வழக்கு உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் அது பதிவாகியுள்ளது.

உமர் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரிப் பெண் ஒருவர் மூலம் ஆஸிம் என்னும் மகன் பிறந்தார். பின்னர் அத்தம்பதியர் பிரிந்தனர். பிள்ளை தாய் வீட்டில் வளர்ந்தது. ஒரு நாள் உமர் (ரலி) அவர்கள் குபாவுக்குச் சென்றார்கள். அங்கே பள்ளிவாசலின் முற்றத்தில் தம் மகன் ஆஸிம் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். பெற்ற மனம் பொறுக்கவில்லை. பிள்ளையின் புஜத்தைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தில் தமக்கு முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். அதைக் கண்ட சிறுவரின் தாய்வழிப் பாட்டி ஓடிவந்து வழிமறித்தார். வாக்குவாதம் மூண்டது. இறுதியில் இருவரும் அப்போதைய கலீஃபாவான அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றனர். என் மகன் என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். என் மகன் என்றார் அம்மூதாட்டி. பிள்ளையை அப்பெண்ணிடமே விட்டுவிடுமாறு அபூபக்ர் (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். அதற்குப் பிறகு உமர் (ரலி) அவர்கள் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

இச்சம்பவத்தில் நமக்குப் பாடங்கள் பல உள்ளன.

முதலாவது, உமர் (ரலி) அவர்கள் தம் மகனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. 'அவளுடைய பிள்ளை' என்று ஒதுக்கவில்லை. மனைவியைப் பிரிந்ததால் பிள்ளையின் மீதுள்ள பாசம் குறையவில்லை.

இரண்டாவது, அந்தப் பாசம் மெய்யாக இருந்தும், பிள்ளையை நினைத்த நேரத்தில் தூக்கிச் செல்லும் உரிமையை அது தரவில்லை. இன்றும் பள்ளிக்கூட வாசலிலிருந்தும் தெருவிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தந்தையரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். என் பிள்ளை, எனக்கு யார் தடை என்று அவர்கள் வாதிடுகின்றனர். அவர்களைவிட உமர் (ரலி) அவர்கள் எவ்வளவோ உயர்ந்தவர்கள். அவர்களுக்கே அவ்வுரிமை வழங்கப்படவில்லை.

மூன்றாவது, தீர்ப்பு தமக்கு எதிராக அமைந்தபோது அவர்கள் கட்டுப்பட்டார்கள். மதீனாவில் அவர்களுக்கிருந்த செல்வாக்கை நாம் அறிவோம். ஒரு மூதாட்டியை எதிர்த்து நிற்க அவர்களால் முடியாதா? முடியும். ஆயினும் நீதியின் முன் வாய் மூடினார்கள்.

நான்காவது, அந்தப் பிள்ளை என்ன ஆனது? தாய் வீட்டில் வளர்ந்ததால் தந்தைக்கு அந்நியமாகிவிட்டதா? இல்லை. ஸஹீஹுல் புகாரியில் நோன்பு திறக்கும் நேரத்தைப் பற்றிய ஒரு ஹதீஸ் உண்டு. அதை அறிவிப்பவர் உமர் (ரலி) அவர்கள். அவர்களிடமிருந்து கேட்டு அறிவிப்பவர் மகன் ஆஸிம்! பிரிந்த வீட்டுப் பிள்ளை, தந்தையின் அருகில் அமர்ந்து நபிமொழி கற்றிருக்கிறது. அந்த ஆஸிமின் மகளுக்குப் பிறந்தவர்தாம், நீதியில் புகழ்பெற்ற கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். மணமுறிவு அடைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை உருப்படாது என்று ஏளனமாகப் பேசுவோர் இந்த வமிசாவழியை நினைவில் வைக்கட்டும்.

பிள்ளை யாரிடம்?

ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பத்து மாதம் சுமந்து, பாலூட்டி, மடியில் வைத்து வளர்த்த தன் மகனை, தன்னைத் தலாக் சொன்ன கணவர் பறிக்க நினைப்பதாக முறையிட்டார். நீ மறுமணம் செய்துகொள்ளாத வரை அப்பிள்ளைக்கு நீயே அதிக உரிமையுடையவள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் இது இடம்பெற்றுள்ளது.

மற்றொரு சம்பவத்தில் பிள்ளை சற்று வளர்ந்தவன். தாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வயதினன். பெற்றோர் இருவரும் அவனுக்காக வழக்காடினர். இதோ உன் தந்தை, இதோ உன் தாய். விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொள் என்று நபி (ஸல்) அவர்கள் அவனிடமே விட்டார்கள். அவன் தாயின் கையைப் பிடித்தான்.

இந்த ஹதீஸ்களிலிருந்தே மத்ஹபுகளின் சட்டங்கள் வகுக்கப்பட்டன. நெல்லைச் சீமையில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழ்வதால் இரண்டையும் அறிவது நல்லது. ஹனஃபி மத்ஹபின்படி ஆண் பிள்ளை ஏழு வயது வரையும், பெண் பிள்ளை பருவமடையும் வரையும் தாயிடம் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, நல்லது கெட்டதைப் பிரித்தறியும் வயது வரை, அதாவது ஏறத்தாழ ஏழு வயது வரை தாயிடம். பிறகு பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும்.

தேர்ந்தெடுத்த பிறகு மற்றவரின் கதி என்ன? இங்கேதான் நம் ஃபிக்ஹு மேதைகளின் கருணை வெளிப்படுகிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு விரிவான விளக்கம் உண்டு. மகன் தந்தையைத் தேர்ந்தெடுத்தால், தாயைச் சென்று காண்பதைத் தந்தை தடுக்கக் கூடாது. மகன் தாயைத் தேர்ந்தெடுத்தால், இரவில் தாயிடமும் பகலில் தந்தையிடமும் இருப்பான்; தந்தை அவனுக்கு ஒழுக்கம் கற்பித்து, கல்விக்கும் தொழிலுக்கும் அனுப்பிவைப்பார். மகள் தாயைத் தேர்ந்தெடுத்தால் இரவும் பகலும் தாயிடமே இருப்பாள்; தந்தை வழக்கப்படி சென்று பார்த்து வருவார். பிள்ளையின் ஒரு நாளை இரவென்றும் பகலென்றும் பகுத்து, இருவருக்கும் பங்கிட்ட சட்டம் நம்முடையது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட இச்சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தையே காட்டமாட்டோம் என்று நிற்பது எவ்வளவு பெரிய முரண்பாடு!

செலவு வேறு, சந்திப்பு வேறு

"பிள்ளையைக் காட்டினால்தான் பணம் தருவேன்" என்பவர் உண்டு. "பணம் தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவோம்" என்பவரும் உண்டு. பிள்ளை என்ன, அடகுக் கடையில் வைத்த நகையா?

நஃபகா என்பது பிள்ளையின் உரிமை. தாயின் மீதுள்ள கோபத்தால் அதை நிறுத்தத் தந்தைக்கு அதிகாரம் இல்லை. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் சுருங்கியவர் அல்லாஹ் கொடுத்ததிலிருந்தும் செலவிடட்டும் என்று அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் அளவுகோல் தருகிறது. அபூசுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், கணவர் போதிய செலவு தருவதில்லை என்று முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை முறைப்படி அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். உடைமையாளருக்குத் தெரியாமல் எடுப்பதற்கே அனுமதி என்றால், பிள்ளையின் செலவு எவ்வளவு உறுதியான கடமை என்பதை உணரலாம்.

அதேபோல, தந்தையைக் காண்பதும் பிள்ளையின் உரிமை. தந்தை செலவு தரவில்லை என்றால் அதற்குக் கேட்கும் வழிகள் உண்டு. ஜமாஅத்தும் நீதிமன்றமும் உண்டு. அதற்காகப் பிள்ளையின் உரிமையைப் பறிப்பது, கடன்காரனை விட்டுவிட்டு அவன் வீட்டுக் குழந்தையின் தட்டைப் பிடுங்குவது போன்றதாகும்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் முஸ்லிம்களின் பாதுகாவலர் தொடர்பான விவகாரங்களுக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் செயலாக்கச் சட்டம் பொருந்தும். அத்துடன் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டமும் பொருந்தும். நீதிமன்றம் முதன்மையாகப் பார்ப்பது பிள்ளையின் நலன். விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லும் வயதுடைய பிள்ளை என்றால், அதன் விருப்பத்தையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம்.

செலவைப் பொறுத்தவரை, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டம், பிள்ளை பிறந்ததிலிருந்து ஈராண்டுகளுக்கு முன்னாள் மனைவிக்குச் செலவு தருவதைப் பற்றிப் பேசுகிறது. அதைக் காட்டி, ஈராண்டுக்குப் பின் தந்தைக்குப் பொறுப்பில்லை என்று வாதிட்டவர்கள் இருந்தனர். நூர் சபா காத்தூன் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. வசதியுள்ள முஸ்லிம் தந்தை, பிள்ளைகள் பருவ வயதை அடையும் வரை அல்லது தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வரையும், பெண் பிள்ளைகளைத் திருமணம் ஆகும் வரையும் பராமரிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் ஷரீஅத் சொல்வதும் இதற்கு மாறானதன்று.

ஒரே மூச்சில் முத்தலாக் கூறுவதை 2017இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் கீழ், அவ்வாறு தலாக் சொல்லப்பட்ட பெண், நடுவர் நிர்ணயிக்கும் முறைப்படித் தன் இளம் பிள்ளைகளைத் தன்னுடன் வைத்துக்கொள்ள உரிமை பெறுகிறாள். பிள்ளைகளுக்கான வாழ்க்கைப்படியும் கோரலாம். ஆத்திரத்தில் மூன்று முறை வாய் திறப்பவர், சிறைக்கும் வழி தேடிக்கொள்கிறார். பிள்ளையிடமிருந்தும் தம்மைத் தாமே தூரமாக்கிக்கொள்கிறார்.

பிரிந்த தந்தையின் சந்திப்பைப் பற்றியும் நீதிமன்றங்கள் பேசியுள்ளன. 2020 ஜனவரியில் யஷிதா சாகு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது பிள்ளையின் உரிமை என்று கூறியது. தூர தேசத்தில் இருக்கும் பெற்றோருக்குத் தொலைபேசி மூலமும் காணொளி அழைப்பு மூலமும் பிள்ளையுடன் பேசும் உரிமை வழங்கப்பட வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. துபாயிலும் தம்மாமிலும் தோஹாவிலும் உழைக்கும் நம் தந்தையர் இதை அறிந்திருக்க வேண்டும். 2015இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில், தகுந்த சூழ்நிலைகளில் பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக் காப்புரிமைக்கும் பரிந்துரை செய்துள்ளது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஜமாஅத்தில் எழுதும் உடன்படிக்கை மனசாட்சியுள்ளவர்களைக் கட்டுப்படுத்தும். மீறுபவரை நீதிமன்ற ஆணைதான் கட்டுப்படுத்தும். எனவே ஜமாஅத்தில் இணக்கமாகப் பேசி முடித்ததை, நீதிமன்றத்திலும் சமரச ஆணையாகப் பதிவு செய்துகொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் உண்டு. மாவட்டந்தோறும் இதற்கான ஆணைக்குழு செயல்படுகிறது.

தந்தையரே, உங்களுக்குச் சில சொற்கள்

நபி (ஸல்) அவர்கள் தம் பேரப்பிள்ளையை முத்தமிட்டபோது, எனக்குப் பத்துப் பிள்ளைகள். ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஉ பின் ஹாபிஸ். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று அவருக்குப் பதில் கிடைத்தது. உடனிருக்கும் பிள்ளைக்கே முத்தம் இவ்வளவு அவசியம் என்றால், வாரக்கணக்கில் வாப்பாவைக் காணாத பிள்ளைக்கு எவ்வளவு அவசியம்!

நேரம் குறித்துப் பேசுங்கள். அயல்நாட்டில் இருந்தால், வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் என்று முடிவு செய்து தவறாமல் அழையுங்கள். ஆண்டுக்கொரு முறை கொண்டுவரும் பெட்டி நிறைய மிட்டாயைவிட, தவறாமல் வரும் பத்து நிமிட அழைப்பு பிள்ளையின் மனத்தில் நிற்கும். பிள்ளையின் ஆசிரியர் பெயரும், அதன் தோழர்களின் பெயரும், எந்த ஸூரா வரை மனப்பாடம் செய்துள்ளது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பிள்ளையை ஒற்றனாக்காதீர்கள். "உம்மா யாரிடம் பேசுகிறாள்? வீட்டுக்கு யார் வருகிறார்கள்?" என்று துருவாதீர்கள். தாயைப் பற்றி இழித்துப் பேசாதீர்கள். அவள் உங்களுக்கு முன்னாள் மனைவியாக இருக்கலாம். பிள்ளைக்கு அவள் என்றும் தாய்தான்.

மறுமணம் செய்துகொண்டால், முதல் மணத்துப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள்; இல்லை என்றதும் சாட்சி சொல்ல மறுத்தார்கள். பிள்ளைகளுக்கிடையே நீதி என்னும் அக்கட்டளை, ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று.

வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளில் வாருங்கள். புத்தாடை உடுத்தி, திண்ணையில் அமர்ந்து, அஸர் முதல் மஃரிப் வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் ஏமாற்றம் இலேசானதன்று. நீதிமன்றம் தந்த உரிமையைப் பயன்படுத்தாமலே இழந்த தந்தையரும் உண்டு.

தாய்மார்களுக்கும் பாட்டனார் வீட்டாருக்கும்

நபி (ஸல்) அவர்களின் மகள் ஸைனப் (ரலி) அவர்களும் கணவர் அபுல் ஆஸும் மார்க்க வேற்றுமையால் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தனர். பத்ருப் போரில் அபுல் ஆஸ் எதிரணியில் நின்று கைதியானவர். பின்னரே இஸ்லாத்தைத் தழுவினார். அத்தகைய மருமகனைப் பற்றியும் நபி (ஸல்) அவர்கள், அவர் என்னிடம் வாக்களித்தார், நிறைவேற்றினார் என்று மக்கள் முன்னிலையில் பாராட்டிப் பேசினார்கள். அந்தத் தம்பதியரின் மகளான உமாமாவைத்தான் தொழுகையிலும் தம் தோளில் சுமந்தார்கள். பேத்தியைத் தோளில் சுமந்தவர்கள், பேத்தியின் தந்தையைப் பற்றிய பகையை நெஞ்சில் சுமக்கவில்லை.

"உன் வாப்பா நம்மை விட்டுவிட்டுப் போனவன்" என்று அன்றாடம் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, தன்னுடைய பாதியை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. அவர் செய்த தவறு உங்களுக்குச் செய்தது. அதைப் பிள்ளையின் காதில் ஊற்றாதீர்கள். பிள்ளை வளர்ந்து தானே அறிந்துகொள்ளட்டும்.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தந்தை குடிகாரராகவோ, அடித்துத் துன்புறுத்துபவராகவோ, பிள்ளைக்கு ஆபத்தானவராகவோ இருந்தால், பிள்ளையின் பாதுகாப்பே முதன்மை. ஹளானத்தின் நோக்கமே பிள்ளையைக் காப்பதுதான். அத்தகைய நிலையில் நம்பிக்கையான உறவினர் முன்னிலையில் மட்டும் சந்திக்க வைக்கலாம். தேவைப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாம். பாசம் என்னும் பெயரால் பிள்ளையை ஆபத்தில் தள்ள மார்க்கம் எவருக்கும் கட்டளையிடவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளின் பொறுப்பு

தம்பதியரிடையே பிளவு ஏற்படும் என்று அஞ்சினால், இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் கூறுகிறது. சமரசம் கைகூடாமல் பிரிவுதான் முடிவென்றால், நம் ஜமாஅத்துகள் என்ன எழுதுகின்றன? மஹர் எவ்வளவு, போட்ட நகை எவ்வளவு, கொடுத்த சீர்வரிசைச் சாமான்கள் எவை என்று கட்டில் முதல் கரண்டி வரை பட்டியல் எழுதுகிறோம். பிள்ளையைப் பற்றி ஒரு வரி: 'பிள்ளை தாயிடம் இருக்கும்.' அவ்வளவுதான்! கரண்டிக்குக் கிடைத்த கவனம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இனி இவற்றையும் எழுதுவோம்: மாதச் செலவு எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில், விலைவாசிக்கேற்ப அது எப்போது உயரும், தந்தை எந்த நாளில், எந்த வீட்டில் பிள்ளையைக் காண்பார், இரு பெருநாள்களும் பள்ளி விடுமுறையும் எவ்வாறு பகிரப்படும், அயல்நாட்டிலிருந்து அழைக்கும் நேரம் எது, பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை, கடவுச்சீட்டு போன்றவற்றில் இருவரையும் எவ்வாறு கலப்பது, மகளின் நிகாஹ் பேச்சு வரும்போது தந்தைக்கு எப்போது தெரிவிப்பது. இத்தனையும் எழுத ஒரு தாள் போதும். அந்த ஒரு தாள் இல்லாததால் எத்தனை பிள்ளைகள் வாப்பா இருந்தும் எத்தீம்களாக வளர்கின்றனர்!

நிகாஹ் மஜ்லிஸில் நாம் கண்ட காட்சி ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். மணப்பெண்ணின் வலிய்யாகத் தந்தை வந்து அமர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் மகளைப் பாராதவர். தஃப்தரில் ஒப்பமிட்டார். பின் மகளைப் பார்க்க உள்ளே சென்றார். என்ன பேசுவதென்று மகளுக்கும் தெரியவில்லை, தந்தைக்கும் தெரியவில்லை. வலிய்யு என்னும் தகுதியைச் சட்டம் அவருக்குக் கொடுத்துவிட்டது. மகளின் உள்ளத்தில் இடம்பெறும் தகுதியை அவர்தாமே பதினெட்டு ஆண்டுகளில் சம்பாதித்திருக்க வேண்டும்!

திண்ணையில் அமர்ந்திருந்த அந்த இளைஞருக்கு வருவோம். இரு தரப்புப் பெரியவர்களிடமும் பேசினோம். முதலில் தயக்கம், பிறகு சம்மதம். பெண்ணின் தாய்மாமா வீட்டில், வாரம் இருமுறை, அஸருக்குப் பின் சந்திப்பு என்று முடிவாயிற்று. முதல் நாள் பிள்ளை பேசவில்லை. மாமாவின் பின்னாலேயே ஒளிந்து நின்றது. இரண்டாம் சந்திப்பில் அவர் எதையும் கேட்கவில்லை. வீட்டு முற்றத்துச் செம்மணலில் அமர்ந்து, பனை ஓலையில் காற்றாடி செய்துகொண்டிருந்தார். பிள்ளை மெல்ல வந்து அருகில் நின்றது. விடுப்பு முடிந்து அவர் புறப்பட்ட பின் தொலைபேசியில் சொன்னார்: "ஹஜ்ரத், ஏர்போர்ட்டுல இருக்கும்போது போன் வந்துச்சு. 'வாப்பா, காத்தாடி கிழிஞ்சிட்டு; அடுத்த தடவ வரும்போது வேற செஞ்சு தருவீங்களா'ன்னு கேட்டா." மேற்கொண்டு அவரால் பேச முடியவில்லை.

அன்பானவர்களே! நம் தேரிக்காட்டு மணல் காற்றுக்கு இடம் மாறும். அதில் வேரூன்றிய பனை இடம் மாறுவதில்லை. கணவன், மனைவி உறவு ஒரு வேளை நிலைமாறிப் போகலாம். தந்தை என்னும் வேர் அசையாதிருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களில் இணக்கத்தைத் தருவாயாக! பிரிந்துவிட்டவர்களின் உள்ளங்களில் நீதியையும் நிதானத்தையும் தருவாயாக! தந்தையைக் காணாது ஏங்கும் பிள்ளைகளுக்கு அவர்களின் தந்தையரையும், பிள்ளைகளைக் காணாது ஏங்கும் தந்தையருக்கு அவர்களின் பிள்ளைகளையும் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!